கூடப் பிறந்தவர்கள்: இல்லை

1

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். அதற்குப் பிறகு யாருக்காவது பசித்தால் பாணும் சம்பலும்தான். காரணம் ஒரு தொலைக்காட்சித் தொடர். என் மகள் அபிநயாவுக்குப் பதினேழு வயது. வாரம் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறவள், அந்த ஒரு மணி நேரம் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் போர்வையில் பாதியை இழுத்துக்கொள்வாள். அந்தப் பாதிப் போர்வைக்காகத்தான் நான் தொடரையே பார்க்கிறேன். கதை எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். நெருப்பு கக்கும் நாகங்கள் பறந்து வரும். கிழட்டு அரசர் ஒருவர் ஏழு வாரமாகச் சாகக் கிடக்கிறார். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில்கூட யாரும் இப்படி இழுத்துக்கொண்டு கிடந்ததில்லை.

அந்த இல்லத்தின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. சுவிட்சர்லாந்தில் பேர்ன் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். வந்து இந்த மாசியோடு இருபத்திரண்டு வருடம் முடிந்தது. இப்படி வருடம் முடிகிற நாளில் ஊருக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றும். பனி, ரயில், விலைவாசி என்று ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டு மூடி வைத்துவிடுவேன். இந்த முறை அப்படி முடியவில்லை. அந்தத் தொடரில் வந்த ஒரு பாகம்தான் காரணம்.

அன்றைக்கு அரசரை விட்டுவிட்டு வேறு ஆட்களைக் காட்டினார்கள். நாகங்களின் குகையில் சாம்பல் அள்ளுகிற சனம். பரம்பரையாக அவர்களுக்கு அதுதான் வேலை. உள்ளங்கை சாம்பல் நிறத்தில் ஊறிப்போயிருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. நகரத்துக்குள் வரும்போது இரண்டு குச்சிகளைத் தட்டிக்கொண்டே வர வேண்டும்; சத்தம் கேட்டதும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பொதுக் கிணற்றில் அவர்களுக்குத் தண்ணீர் கிடையாது. ஆனால் அவர்கள் அள்ளிக் கொடுக்கிற சாம்பல் இல்லாவிட்டால் அந்த நாட்டில் ஒரு வயலும் விளையாது. நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஏற்பாடுதான்.

அந்தச் சனத்தில் ஒரு பெண் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள். கைக்கு உறை போட்டுக்கொண்டு, தான் ஒரு மிளகு வியாபாரியின் மகள் என்று சொல்லி அரண்மனையில் எழுத்து வேலைக்குச் சேர்ந்துவிடுகிறாள். ஒருநாள் அவளுடைய அக்கா, தங்கைக்குக் குளிருமே என்று ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு, குச்சியைத் தட்டியபடியே அரண்மனை வாசலுக்கு வருகிறாள். இவளைத் தெரியுமா என்று காவல்காரன் கேட்கிறான். அந்தப் பெண் அக்காவின் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு தெரியாது என்கிறாள். அக்காக்காரி தன் தங்கையின் பேரைச் சொல்லிக் கத்தக் கத்த, அவளை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

அபி போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"நானெண்டா மன்னிக்க மாட்டன் அம்மா. அவள் பிறகு வந்து எவ்வளவு அழுதாலும் கதவு திறக்க மாட்டன்."

தேத்தண்ணி வைத்துவிட்டு வருகிறேன் என்று நான் எழுந்து போனேன். அன்றைக்கு யாரும் தேத்தண்ணி கேட்டிருக்கவில்லை.

2

என் அக்காவின் பேர் ராசாத்தி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நாங்கள் இலங்கையில், பதுளைக்குப் பக்கத்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள். அப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்து அரைக்கிற ஆலையில், வேலை. அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அடுத்த மாதமே அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் காலைப் பெரட்டில் போய் நின்றாள். பெரட்டு என்றால் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டுகிற இடம். அங்கே பேர் பதிந்துவிட்டால் பிறகு எல்லாம் தேயிலைதான்.

கொழுந்து எடுக்கிறவர்களின் விரலைப் பார்த்திருப்பீர்கள். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேயிலைச் சாறு கறுப்பாக ஊறி, தோல் வெடித்து, வெடிப்புக்குள்ளும் கறுப்பாக இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அக்காவின் விரல் அப்படித்தான். அந்த விரலால்தான் எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். அந்த விரலால்தான் என் பாடசாலைக் கொப்பிகளுக்கு உறை போட்டுத் தந்தாள். நான் உயர்தரம் படிக்கும்போது அப்பாவும் போய்விட்டார். படிப்பை நிறுத்தலாமா என்று நான் கேட்டேன். அடுத்த நாள் அக்கா என் பாடசாலைச் சப்பாத்தைத் தைக்கக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நான் உதவி ஆசிரியையாகப் பதுளையில் ஒரு பாடசாலையில் சேர்ந்தேன். டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறில் ஸ்பிரிங்வெளி பஸ் ஏறுவேன். அந்தப் பாடசாலையின் உப அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாகப் பதுளையிலேயே இருந்தவர். சுவிஸில் இருந்த தன் அண்ணன் மகனுக்கு என்னைப் பேசினார். உப அதிபர் நல்ல மனிதர், ஆனால் தன் அண்ணிக்குப் பயந்தவர். தோட்டம், லயம் என்று எதையும் அவர்களிடம் எடுக்க வேண்டாம், அப்பா ஒரு கந்தோரில் கிளாக்காக இருந்து காலமாகிவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். நான் தலையாட்டினேன். ஒரு தலையாட்டல்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

கல்யாணம் பதுளையில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ஒரு மாதிரி, நீ கொஞ்சம் பின்னால் இருந்துகொள் என்று அக்காவிடம் முதலே சொல்லியிருந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. தோட்டத்தில் இருந்து வந்த இரண்டு பெண்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு கிழமையாக எலுமிச்சங்காய் போட்டு விரலைத் தேய்த்திருக்கிறாள். கறுப்பு போகவில்லை, தோல்தான் சிவந்திருந்தது. தாலி கட்டும்போது திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கணவர் சுவிஸுக்குத் திரும்பிய பிறகு எனக்கான விண்ணப்பத்தை உப அதிபர் வீட்டில் வைத்து நிரப்பினோம். அவர் ஒவ்வொரு கேள்வியாக வாசிப்பார், நான் சொல்வேன், அவர் எழுதுவார். மாமி, அதாவது என் கணவரின் அம்மா, பக்கத்தில் இருந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவர்கள் என்று ஒரு கட்டம் வந்தது. உப அதிபர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னால் மாமி அவளைக் கூட்டிக்கொண்டு வா என்பார். வந்தால் விரலைப் பார்ப்பார். இவ்வளவும் எனக்குள் ஓடி முடிய ஒரு போஞ்சி நறுக்குகிற நேரம்கூட ஆகவில்லை.

இல்லை என்றேன். அவர் அதை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

3

இங்கே வந்த பிறகு நடந்ததெல்லாம் இந்த ஒரு சொல்லுக்குத் தொங்கல்தான். மாமியும் சுவிஸுக்கு வந்து எங்களோடுதான் இருந்தார். நான் 'போறேன்' என்பதை விட்டு, யாழ்ப்பாணத்தார் மாதிரி 'போறன்' என்று கதைக்கப் பழகினேன். ஒரு வருடத்தில் என் வாயில் இருந்து தோட்டம் முழுவதும் போய்விட்டது. பிள்ளை பிறந்து, அவளுக்கும் அந்தப் பேச்சே வந்தது. தாய் பேசியது என்ன பாஷை என்று தெரியாமல் பிள்ளை தாய்மொழி பேசியது.

அக்கா மாதா மாதம் தொலைபேசியில் வருவாள். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். யார் என்று மாமி கேட்டபோது, ஊரில் பக்கத்து வீட்டு ராசாத்தி என்றேன். அபி பேசத் தொடங்கியதும் அவளுக்கு அது ராசாத்தி அன்ரி ஆனது. தோட்டத்தில் கிடைக்கிற தேத்தூளைச் சேர்த்து வைத்து, வருகிற ஆட்களிடம் அக்கா கொடுத்தனுப்புவாள். மாமி குடித்துவிட்டு, பதுளைத் தேயிலை என்றால் தனி ருசிதான் என்பார். ஒருமுறை பிறந்தநாள் வீட்டில் யாரோ ஒருவர் இன்னொருவரின் உடுப்பைப் பார்த்து, தோட்டக்காட்டுச் சனம் மாதிரி என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே சிரித்திருப்பேன்.

என் கணவருக்கு முதல் வருடமே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "விடும், இப்ப ஏன் கிளறுவான்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்தான். அவர் சோற்றைப் பரிமாறாமல் இருந்தார், அவ்வளவுதான்.

மாமி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அப்படியானால் நான்கு வருடமாக யாருக்குப் பயந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். பயம் போய்விட்டது, பழக்கம் நின்றுவிட்டது என்றுதான் சொல்ல முடியும். ஐம்பது தடவை 'பக்கத்து வீட்டு ராசாத்தி' என்று சொன்ன பிறகு, ஐம்பத்தோராவது தடவை 'என் அக்கா' என்று எந்த இடத்தில் தொடங்குவது?

சாம்பல் சனத்தைப் பார்த்த அடுத்த கிழமை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அக்காவை இங்கே கூப்பிடுவது. அவளுக்கு ஐம்பத்தைந்து முடிந்து, தோட்டத்து வேலையில் இருந்து பேர் வெட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. புருஷன் இல்லை, மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மூன்று மாத விசாவில் வரட்டும், வந்து இந்த வீட்டில் உட்காரட்டும், பிறகு மெதுவாக அபியிடம் சொல்லிக்கொள்ளலாம். இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டால், வாயால் சொல்ல வேண்டிய பாதி வேலை குறையும் அல்லவா?

கணவர் சரி என்றார். அக்கா பாஸ்போர்ட் எடுத்தாள். படத்துக்கு நிற்கும்போது சிரிக்கக் கூடாது என்றார்களாம், அதில் அவளுக்குப் பெரிய மனவருத்தம். அழைக்கிறவரின் உறவு என்ன என்ற கட்டத்தில் நானே என் கையால் சகோதரி என்று எழுதினேன். அந்தப் படிவத்தை மட்டும் அபியிடம் காட்டவில்லை. ராசாத்தி அன்ரி வரப் போகிறா என்று சொன்னேன். தேத்தூள் அன்ரியா என்று சந்தோஷப்பட்டாள்.

4

புலம்பெயர்ந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாருக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, நன்றாக வருமோ, அவர்தான் கந்தோர்க் கடிதங்களுக்கு அதிகாரி. எங்கள் வீட்டில் அது அபி. ஒன்பது வயதில் தொடங்கினாள். வாடகைக் கடிதம், காப்புறுதி, குப்பை போடும் நாள் மாறிய அறிவித்தல் என்று எல்லாம் அவள் கையால்தான் திறக்கப்படும். எனக்குச் சலவை இயந்திரத்தோடு பேசுகிற டொச் இருக்கிறது. கடிதத்தோடு பேச வராது.

ஒரு சனிக்கிழமை காலையில் குடிவரவுக் கந்தோரில் இருந்து கடிதம் வந்தது. நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். என் பேரைப் பார்த்ததும் எடுத்து ஒளித்து வைத்திருக்கலாம். கையில் மா இருந்தது. அதற்குள் அபி உறையைக் கிழித்துவிட்டாள்.

முதலில் சும்மா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, பரிசீலித்தோம், சில முரண்பாடுகள் இருக்கின்றன. பிறகு நிறுத்தினாள். திரும்ப முதலில் இருந்து தனக்குள் வாசித்தாள். தோசை கருகிய மணம் வந்தது. நான் திருப்பிப் போடவில்லை.

"அம்மா, ராசாத்தி அன்ரியை சகோதரி எண்டு எழுதினீங்களோ?"

ஓம் என்றேன்.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி, சகோதரம் ஒருத்தரும் இல்லை எண்டு எழுதிக் குடுத்திருக்கிறீங்கள் எண்டு போட்டிருக்கு."

அதற்கும் ஓம் என்றேன். இந்தக் கந்தோர்க்காரர்கள் எதையும் எறிவதில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் போட்ட முதல் கையெழுத்து இவ்வளவு காலமும் ஒரு அலுமாரியில் இருந்திருக்கிறது.

அபி அடுத்த பந்தியை வாசித்தாள். அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பழைய விண்ணப்பத்தைச் சரிபார்க்கத் தூதரகம் நேரே கேட்டு வாங்கிய, என் ஊர்க் கிராம சேவகரின் உறுதிக் கடிதமும் அதோடு இருக்கிறதாம். கலாதேவி என்கிற இந்தப் பெண்ணுக்கு, அதாவது எனக்கு, பெற்றோரும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை என்று அதில் இருக்கிறதாம். அதற்கு உள்ளூரில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். சாட்சியின் பேர் ராசாத்தி. உறவு, அயலவர். நீங்கள் இப்போது சகோதரி என்று அழைக்கிறவரும் அந்தச் சாட்சியும் ஒரே ஆள் என்று அடையாள அட்டை இலக்கத்தில் இருந்து தெரிகிறது. இதற்கு எழுத்தில் விளக்கம் தேவை, இல்லாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

நான் அடுப்பை நிறுத்தினேன். அந்தப் படிவத்தில் நான் இல்லை என்று எழுதியது அக்காவுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை காலமும் இருந்தேன். என் மனதுக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான். நான் செய்தது கேவலம், ஆனால் அவளுக்குத் தெரியாது, அதனால் அவளுக்கு வலித்திருக்காது என்று. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

அந்தத் தொடர் எழுதியவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது. அவர்கள் எழுதிய அக்கா கத்தினாள்.

5

அபி கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். நானென்றால் கதவு திறக்க மாட்டேன் என்று அவள் சொன்னது எனக்கு நினைவு வந்தது. போய்த் தட்டவில்லை. கருகிய தோசையைச் சுரண்டினேன், கல்லைக் கழுவினேன், கழுவின கல்லைத் திரும்பக் கழுவினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. முகத்தைப் பார்க்காமல், கந்தோர் ஆட்கள் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"விளக்கம் எழுத வேணும். ஏன் இல்லை எண்டு எழுதினீங்கள்?"

அப்போது எனக்கு வயது குறைவு என்றேன். எத்தனை என்றாள். இருபத்தைந்து என்றேன். அவள் தட்டவில்லை. படிவத்தை வேறு ஒருவர்தான் நிரப்பினார் என்றேன். கையெழுத்து ஆருடையது என்றாள். அப்பம்மாவுக்குப் பயந்து என்றேன். அப்பம்மா செத்து நாலு வருஷம் என்றாள். இவளை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று அந்த நிலைமையிலும் தோன்றியது.

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். லயம், பெரட்டு, அக்கா பள்ளிக்கூடத்தை விட்டது, விரல், எலுமிச்சங்காய், கடைசி வரிசை. உன் தாத்தா கிளாக் இல்லை, ஸ்டோரில் தேயிலை அரைத்தவர் என்றேன். அவள் குறுக்கே ஒரு கேள்விதான் கேட்டாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கடைசியில் சொன்னேன்:

"வெட்கமா இருந்துச்சு. அக்காவப் பாத்து வெட்கப்பட்டேன். அப்பறம் வெட்கப்பட்டதுக்கு வெட்கப்பட்டேன்."

அபி நிமிர்ந்து பார்த்தாள். நான் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. எனக்கும் பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது, வாயில் வந்தது ஸ்பிரிங்வெளி என்று.

"இதை எழுதவோ?" என்றாள்.

எழுது என்றேன்.

எழுதினாள். டொச்சில் அந்த வாக்கியம் ஒரு வரி நீளம்கூட வரவில்லை. அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டியபோது 'வெட்கம்' என்பதற்கான சொல் மட்டும் எனக்கு விளங்கியது. முதியோர் இல்லத்தில் படுக்கையை நனைத்துவிட்ட கிழவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அழுவார்கள். இப்படிக் காரணம் எழுதி எந்தக் கந்தோரிலாவது விசா கொடுத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. பொய் விண்ணப்பம் என்று என் மீதே ஏதாவது நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அபி சொன்னாள். எடுக்கட்டும் என்றேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

கையெழுத்துப் போடும்போது பேனையை அவளே எடுத்துத் தந்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவள் தொடரைத் தன் அறையிலேயே பார்த்தாள். முழுப் போர்வையும் என்னிடம் இருந்தது.

6

கடிதத்தைத் தபாலில் போட்ட அடுத்த நாள் அக்காவுக்கு எடுத்தேன். வழக்கமாகப் போகிற படுக்கையறைக்குப் போகவில்லை. வரவேற்பறையில், தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைத் திறந்துவிட்டுப் பேசினேன். அபியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

அங்கே பின்னேரம். மழை பெய்து ஓய்ந்திருக்கிறது, பண்டாரவளைப் பக்கம் மண் சரிந்து பஸ் சுற்றிப் போகிறது என்றெல்லாம் சொன்னாள். நான் நடுவில் வெட்டி, கிராம சேவகர் வந்ததைக் கேட்டேன். நேற்று நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஆமாடி, வந்தாரு. புதுசா வந்த ஆளு, நம்மளத் தெரியாது. ஒன் காயிதத்தப் படிச்சாரு. இந்தப் புள்ளைக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னு போட்டிருக்கே, அப்ப நீ யாருன்னு கேட்டாரு. நீ எழுதுனா காரணமாத்தானே எழுதியிருப்ப. பக்கத்துக் காம்பராங்கன்னு சொன்னேன். சாட்சிக்கு ஆளு வேணும்னாரு, போட்டுக் குடுத்தேன்."

காம்பரா என்றால் லயத்து அறை. ஒரே அறையில் ஒரே பாயில் படுத்த எங்களுக்கு நடுவே அவள் ஒரு சுவர் எழுப்பிக் கொடுத்திருக்கிறாள், நான் இந்தப் பக்கம் வந்து சேர.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ போயிருப்பியா?"

நான் செய்தது தப்பு என்று சொல்லத்தான் எடுத்தேன். அதற்காகக் காலையில் இருந்து குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன். அழுகைதான் வந்தது. அவள் அங்கிருந்து, ஏய், ஏய், என்னா இது, சாப்பிட்டியா இல்லையா என்று அதட்டினாள். அபி அறையில் இருந்து வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

அக்காவே பேச்சை மாற்றினாள். கொழும்பில் இருந்து அழைப்பு வந்திருக்கிறதாம். வருகிற மாதம் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும், மகன் கூட்டிக்கொண்டு போவான், கேள்வி எல்லாம் கேட்பார்களாம். சேலை எது உடுத்துவது என்று கேட்டாள். சொன்னேன். எந்த பஸ்ஸில் போவது என்று அவளே யோசித்து அவளே முடிவு செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாத மாதிரி கேட்டாள்:

"கலா, அங்க நீ யாருன்னு கேப்பாங்கல்ல. இந்தத் தடவ என்னான்னு சொல்லட்டும்?"

அவள் குத்திக் கேட்கவில்லை. என் அக்காவுக்குக் குத்தத் தெரியாது. போன தடவை என் காகிதத்தில் இருந்ததைக் கேட்டுச் சொன்ன மாதிரி, இந்தத் தடவையும் என்னிடம் கேட்டுச் சரியாகச் சொல்ல நினைக்கிறாள்.

"அக்கான்னு சொல்லு" என்றேன். அது போதாது என்று பட்டது. "கலாவோட அக்கா, கூடப் பொறந்தவன்னு சொல்லு. சத்தமாச் சொல்லு."

அபி வந்து என் கதிரைக் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"சரிடி, சொல்லிர்றேன்" என்றாள் அக்கா. பிறகு கேட்டாள்: "அப்படிச் சொன்னா ஒனக்கு அங்க ஒண்ணும் ஆகிறாதுல்ல?"